எட்சார்ட் ஊற்றுக்கு எந்த ரோடு

1997 ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆர்டித் டக்கெட் தன் வீட்டு முற்றத்தில் சக்கரமில்லாமல் நான்கு முட்டுக்கால்கள் மேல் நின்றிருந்த பழைய பிக்கப் வண்டியின் முதுகிலிருந்த கேம்பர் அறைக்குள் தரை பெருக்க ஏறினாள். காற்று குப்பையைத் திருப்பி அடித்ததால் கதவைச் சாத்திக்கொண்டாள். குப்பையை வெளியே தள்ள மறுபடி திறந்தபோது, நூற்றுப் பத்து மைலுக்கு அப்பால் இருக்கும் எட்சார்ட் வெந்நீர் ஊற்று வாசற்படியருகே ஆவி பறக்கக் கிடந்தது. அவள் குப்பையைத் தள்ளினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காலை நனைத்தாள். பிறகு ஏறி, கதவைச் சாத்தித் திறந்து, சொந்த முற்றத்தில் இறங்கி, மதியத்துக்கு உருளைக்கிழங்கு வேக வைத்தாள்.

அந்த ஊற்றுக்கும் அவளுக்கும் நாற்பத்தோரு வருடக் கணக்கு பாக்கி இருந்தது. 1956-இல் கல்யாணமான மறுவாரம் அவள் கணவன் வெர்லின் தன் அப்பாவின் காரில் அவளை அங்கே அழைத்துப் போனான். ஊற்றுக்குப் பதினோரு மைல் முன்னால் கார் சேற்றில் கதவு வரை இறங்கியது. டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். அன்று இழுபட்டு வரும்போது, "சரியான வண்டி ஒண்ணு தயார் பண்ணி உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று வெர்லின் சொன்னான். அதன்பின் முப்பது வருடம் பிளிண்ட் வெல்ஸ் மாவட்டத்தின் மண் சாலைகளை மட்டம் தட்டும் கிரேடர் வண்டியை ஓட்டினான். நெவாடாவில் அவன் அளவுக்குச் சாலையைத் தெரிந்தவன் கிடையாது என்று பேர் வாங்கினான். ஆனால் மாவட்ட எல்லையில், மாடு தாண்டாதபடி தரையில் இரும்புக் குழாய் பதித்த இடம் ஒன்று உண்டு. முப்பது வருடமும் அவன் கிரேடர் அங்கே வந்து திரும்பியது. எட்சார்ட் ஊற்று அதற்கு அந்தப்புறம்.

ஓய்வு பெற்ற 1986-இல் 1971 மாடல் பிக்கப் ஒன்றையும், அதன் முதுகில் ஏற்றிக்கொள்ளும் கேம்பர் ஒன்றையும் வாங்கினான். ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு ஐஸ்பெட்டி, பின்பக்கம் ஒரு கதவு, அவ்வளவுதான் கேம்பர். அந்தக் கோடையிலேயே கிளம்புவதாகப் பேச்சு. முதலில் மழை ஒழுகி உளுத்த மூலைக் கட்டைகளை மாற்றினான். பிறகு தண்ணீர்த் தொட்டி வைத்தான். இரண்டாவது பேட்டரி, இரண்டாவது உபரிச் சக்கரம், பெரிய ஜாக்கி, மண்வெட்டி, கேஸ் சிலிண்டர் என்று சேர்த்தான். தீவனக்கடை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது வண்டி தாங்கும் அளவைவிட இருநூறு கிலோ அதிகம். அதைத் தாங்க வண்டிக்கு அடியில் கூடுதல் ஸ்பிரிங் வில்கள் போட்டான். வில்களுக்கும் எடை உண்டு. அதற்காகக் கனமான டயர் வாங்கினான். டயருக்கும் எடை உண்டு. எடையைக் குறைக்க ஐஸ்பெட்டியைக் கழற்றினான். ஐஸ்பெட்டி இல்லாமல் ஆர்டித் எப்படி வருவாள் என்று மறுபடி மாட்டினான். இப்படிப் பதினோரு கோடை போயிற்று. சமையலறைச் சுவரில் தொங்கிய பட்டியலில் அப்போது நாற்பத்து மூன்று வேலைகள் மீதம் இருந்தன.

உருளைக்கிழங்கைத் தட்டில் வைத்தபடி ஆர்டித் விஷயத்தைச் சொன்னாள். வெர்லின் எழுந்து போய்ச் சாத்தித் திறந்து, ஆவியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"கதவு சரியாப் பொருந்தல," என்றான்.

"நாப்பத்தோரு வருஷமா நான் கேட்ட இடம்டா அது."

"அது இல்ல ஆர்டித். கீல் ஒரு நூல் இறங்கியிருக்கு. அதான் எங்கேயோ போய்த் திறக்குது."

"நீயும் வாயேன். ரெண்டு எட்டு வச்சா ஊத்து."

"வண்டி ரெடியாகட்டும். முறையா ரோட்ல போவோம்."

ஊரும் வெர்லின் பக்கம்தான் நின்றது. கதவைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாதிப் பேர் வந்து சாத்தித் திறந்து பார்த்துவிட்டே போனார்கள். சிக்கல் வேறு. பிளிண்ட் வெல்ஸில் ஒருவர் ஒரு இடத்துக்குப் போய்வந்தேன் என்றால், காபிக்கடையில் அடுத்த கேள்வி, எந்த ரோடு என்பதுதான். எத்தனை பஞ்சர், எங்கே சேறு, எந்தக் கேட்டைத் திறந்து மூட வேண்டியிருந்தது என்று அரை மணி நேரம் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் தலையாட்டினால்தான் போனதாகக் கணக்கு. ஆர்டித்திடம் ஊற்றின் நிறம் இருந்தது, கந்தக வாசனை இருந்தது, அங்குள்ள வெள்ளை மரப் பட்டையில் பழைய ஆட்டு இடையர்கள் செதுக்கிப் போன பேர்கள் ஒன்றுவிடாமல் மனப்பாடமாக இருந்தன. ரோடு மட்டும் இல்லை.

"அப்ப நீ போகல," என்றான் பக்கத்து வீட்டு பர்டெல். இருபது வருடம் தபால் வண்டி ஓட்டியவன்.

"என் கால்ல ஒட்டியிருக்கற சேறு எந்த ஊருதுடா, சொல்லு பாப்போம்."

"சேறு சரிதான் ஆர்டித். நீ போனதாத்தான் ஏத்துக்க முடியாது."

ஏற்றுக்கொள்ளாததைப் பற்றி ஆர்டித் அலட்டிக்கொள்ளவில்லை. தினமும் போனாள். ஏப்ரல் முடிவதற்குள் அவள் முழங்கால் வலி நின்றது. முதலில் கால் மணி, பிறகு ஒரு மணி, பிறகு சாப்பாட்டுக்குத் திரும்புவதும் குறைந்தது. ஆடு மேய்க்கப் பெரு நாட்டிலிருந்து வந்திருந்த எலியோடோரோ என்பவன் அவளுக்கு ரொட்டி கொடுத்ததாகவும், அவனுடைய இடையர் வண்டியில் ஒரு அடுப்பும் ஒரு படுக்கையும் தவிர எதுவுமே இல்லை என்றும், அதைத் தயார் பண்ண அவனுக்கு ஒரு காலைப்பொழுது ஆனதென்றும் வந்து சொன்னாள். வெர்லின் கேம்பர் தரையில் அவள் கொண்டுவந்த மணலைப் பெருக்கி எடுத்து எடை போட்டான். இரண்டு கிலோ. அதையும் வண்டி எடையோடு சேர்த்துக்கொண்டான். ஆனால் மேசையில் தனியாக உட்கார்ந்து சூப் குடித்த மூன்றாவது நாள், எதிரே காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான். அவளுக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது. அவளைக் கூட்டிப்போய் அதைக் காட்ட வேண்டியவன் இங்கே சூப் குடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அவள் திரும்பி வர மறந்துவிட்டால் என்ன செய்வது?

அவனுக்குத் தெரிந்தது ஒரே பரிகாரம்தான். மே ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை, ஆர்டித் வழக்கமாக நூலகம் போகும் நாள். வெர்லின் கேம்பர் கதவைக் கழற்றிக் கீழே இறக்கினான். கீலை ஒரு நூல் உயர்த்தி, விளிம்பு ரப்பரைப் புதிதாக ஒட்டி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து மாட்டினான். பதினோரு வருடத்தில் முதன்முறையாகக் கதவு கச்சிதமாக உட்கார்ந்தது. சாத்தித் திறந்தான். முற்றம், ரோஜாச் செடி, பர்டெல் வீட்டு வேலி. மறுபடி சாத்தித் திறந்தான். ரோஜாச் செடி. பட்டியலில் ஒரு வேலையை அடித்துவிட்டு, அரை மணி நேரம் பெருமையாக இருந்தான். பிறகு கை துடைக்க உள்ளே போனபோது ஆர்டித்தின் குளியல் துண்டு ஆணியில் இல்லை. நூலகப் பையும் கார்ச் சாவியும் மேசை மேல் இருந்தன.

கதவைக் கீலிலிருந்து இறக்கினான், ஏற்றினான், உதைத்தான், கெஞ்சினான். ரோஜாச் செடிதான் வந்தது. சத்தம் கேட்டு வந்த பர்டெல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஆர்டித் அந்தப் பக்கம் இருக்கா," என்றான் வெர்லின்.

"அட பாவி. சாப்பிட என்ன வச்சிருக்கா?"

"பிஸ்கட். ஒரு டின் பீச் பழம். திறக்கற சாமான் இங்க இருக்கு."

"சக்கரத்தை எடுடா. அந்தப் பக்கம் நான் முடுக்கறேன்."

பதினோரு வருடமாகத் தயாராகாத வண்டி நாற்பது நிமிடத்தில் தயாரானது. மீதமிருந்த நாற்பத்திரண்டு வேலைகளில் ஒன்றைக்கூட வெர்லின் முடிக்கவில்லை. ஏற்றி வைத்த சாமான்களில் பாதியை இறக்கிப் பர்டெல் வீட்டுப் புல்தரையில் போட்டுவிட்டுக் கிளம்பினான். எல்லைவரை சாலை அவனுடையது, கண்ணை மூடிக்கொண்டே வந்தான். இரும்புக் குழாய்களுக்கு முன்னால் அவன் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது, கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது, வண்டி ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மறுபடி போனான். மறுபடியும் திரும்பி நின்றது. மூன்றாவது தடவை கியரைப் பின்னுக்குப் போட்டு, கண்ணாடியில் பார்த்தபடி பின்பக்கமாகவே எல்லையைத் தாண்டினான். முப்பது வருடப் பழக்கத்தை அப்படித்தான் ஏமாற்ற முடிந்தது.

அதற்கப்புறம் இரண்டு பஞ்சர். வண்டியின் அடிவயிறு இடிக்கும் பாறைப்படிகள் நாலு மைல். சலவைப் பலகை மாதிரி அலையலையாகக் கிடந்த மண்ணில் வண்டியின் ஒவ்வொரு ஆணியும் தனித்தனியாக அழுதது. இருட்டில் ஓடையைக் கடக்க முடியாமல் கரையில் காத்திருந்து, விடிந்ததும் இறங்கினான். 1956-இல் கார் புதைந்த இடத்தில் அதே சேறு இருந்தது. மண்வெட்டி பர்டெல் வீட்டுப் புல்தரையில் இருந்தது. கேம்பருக்குள் இருந்த படுக்கைப் பலகையைப் பெயர்த்துச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து ஏறினான். புதன்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு மரங்களுக்கு நடுவே ஆவி தெரிந்தது.

ஆர்டித் எலியோடோரோவின் கம்பளிக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாதி ரொட்டி. திறக்காத பீச் டின். வெர்லின் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழியெல்லாம் மன்னிப்புக்கு நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தான். அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், வண்டியின் சேற்றைப் பார்த்தாள்.

"எந்த ரோடு வழியா வந்த?" என்றாள்.

வெர்லின் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். இரும்புக் குழாயைச் சொன்னான், பஞ்சரைச் சொன்னான், பாறைப்படியை, ஓடையை, அதே சேற்றைச் சொன்னான். ஆர்டித் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"சரி, வந்துட்ட," என்றாள். "காபி போடு."

பதினோரு வருடப் பட்டியலில் காபிப் பாத்திரம் இல்லை. அவனுக்கு அது அப்போதுதான் உறைத்தது. ஆர்டித் பெருமூச்சு விட்டு எழுந்து, கேம்பருக்குள் ஏறி, அவனையும் கைபிடித்து ஏற்றி, கதவைச் சாத்தித் திறந்தாள். பிளிண்ட் வெல்ஸில் அவர்கள் வீட்டு முற்றத்தில், வண்டியில்லாத நான்கு முட்டுக்கால்களுக்கு நடுவே அது திறந்தது; பர்டெல் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"பர்டெல், அடுப்பு மேல காபிப் பாத்திரம் இருக்கு. அப்படியே அந்த டின் திறக்கற சாமானையும் எடு."

பர்டெல் குழாயை மூடிவிட்டுப் போய் இரண்டையும் கொண்டுவந்து நீட்டினான். "வெர்லின், உன் மண்வெட்டி என் புல்லுல கிடக்கு," என்றான்.

"கிடக்கட்டும்," என்றான் வெர்லின்.

கதவைச் சாத்துமுன் வெர்லின் பைக்குள்ளிருந்து அளவுகோலை எடுத்துக் கீலை அளந்தான். நூற்றுப் பத்து மைல் குலுக்கலில் அது பழையபடி ஒரு நூல் இறங்கியிருந்தது. கிளம்பும்போது சுவரிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த பட்டியலை மடியில் வைத்து, நாற்பத்து மூன்றாவது வேலையாக, கதவு என்று எழுதினான். கொஞ்சம் யோசித்து, எதிரே, தொட வேண்டாம் என்று எழுதிவிட்டு, கதவைச் சாத்தித் திறந்து, பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வர ஊற்றுப் பக்கம் இறங்கினான்.