லீலாவுக்கு யார் உட்காருவார்?

அந்தத் தெருவில் எல்லோருக்கும் இடது விலாவுக்குக் கீழே ஒரு பேட்டரி இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதை உருவிச் சார்ஜ் போட வேண்டும். உருவியதும் ஆள் கட்டையாகக் கிடந்துவிடுவார். ஏறி முடிந்த பிறகு இன்னொருவர்தான் அதைத் திரும்பச் சொருகிவிட வேண்டும்.

அதற்கு முறைகள் உண்டு. வெயிலில் அலைந்துவிட்டு வந்த சூட்டோடு போடக் கூடாது. மெத்தைமேல் வைக்கக் கூடாது, வெறுந்தரைதான். அடுத்தவர் சார்ஜரைத் தொடவே கூடாது. புருஷன் பெண்டாட்டிக்கு மட்டும் விலக்கு. ஜாதகத்துக்கு முன்னால் வோல்டேஜ் பொருத்தம் பார்த்துத்தான் அங்கே பெண் கொடுப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜ் ஏறும்வரை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

புஷ்பலீலாவுக்கு அப்படி உட்காருவதுதான் தொழில். மதியச் சாப்பாடு முடிந்ததும் தெருக்காரர்கள் தங்கள் வீட்டு ஆட்களின் பேட்டரியைத் தட்டில் வைத்து அவளிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவள் தரையைத் துடைத்து, ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி வைப்பாள். கண் அசர மாட்டாள். லேசாகக் கருகல் வாடை வந்தாலும் எழுந்துபோய் சுவிட்சை அணைத்துவிடுவாள். தெருவில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவது அவள் மூக்கின் புண்ணியத்தில்தான்.

அவளுக்கு உட்கார ஆள் இல்லை.

முன்பு கணவன் ஞானராஜ் உட்காருவான். அவனுக்குப் போதும் என்கிற குணமே கிடையாது. தன்னுடையதை உருவும் முன்பே, "நிரம்பினதும் பிடுங்கிராதட்டீ, இன்னும் கொஞ்சம் ஏறட்டும்" என்று லீலாவிடம் சொல்லிவைப்பான். கடைசியில் அவன் பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. உப்பியதை அமுக்கக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. அவள் அதை ஒரு வாளி மணலில் புதைத்து மொட்டைமாடி நிழலில் வைத்தாள். உப்பியதை எடுத்துப்போகும் வண்டி வரும் என்றார்கள். வரவில்லை. பேட்டரி போன உடம்பைப் படுக்கப்போடும் வழக்கம் அங்கே இல்லாததால், ஞானராஜ் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்குச் சட்டை மாற்றிவிடுவாள்.

இப்போது அவள் மணிக்கட்டில் சார்ஜ் காட்டும் கோடுகளில் ஒன்றுதான் எரிந்தது, அதுவும் சிவப்பாக.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாவிடம் கேட்டாள். அவளுடைய புருஷனின் பேட்டரிக்கு லீலாதான் வாராவாரம் உட்காருகிறாள்.

"இன்னைக்கு ஒரு நாள் எனக்கு உக்காருதியா?"

"ஐயோ அக்கா, எனக்கு எங்க நேரம்? தலைக்கு மேல வேலை கெடக்கு."

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை. லீலா வெளியூரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தாள். "வீடியோ கால்ல உக்காந்துக்கட்டாக்கா?" என்றான். பாசமுள்ள பையன்.

"வாடை போன்ல வராதுல்லடா."

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஊர் முழுக்கக் காவலிருந்த தனக்கு ஒரு மதியம் காவலிருக்க ஒரு ஜீவன் இல்லையே என்று நெஞ்சு வெந்தது. அழுதால் இருக்கிற கோடும் போய்விடும். அடக்கிக்கொண்டாள். மாடிக்குப் போய் வாளி விளிம்பில் படிந்த தூசியைத் துடைத்தாள். மணல் இன்னும் கொஞ்சம் மேடாகியிருந்தது.

கீழே வந்தாள். ஜெசிந்தா கொடுத்துவிட்டுப் போன பேட்டரியைச் சார்ஜில் போட்டாள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதானே முறை. ஞானராஜை நாற்காலியோடு இழுத்துவந்து அருகில் வைத்தாள். அவன் உட்கார்ந்திருந்தான். மூச்சில்லாத மூக்குக்கு வாடை தெரியாதுதான். ஆனாலும் வேறு யாரும் அவளுக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

"பாத்துக்கிடுங்க" என்றாள். தன் பேட்டரியில் முதலில் சார்ஜர் பின்னை மாட்டினாள். சூடு இல்லை என்று தொட்டுப்பார்த்துக்கொண்டாள். பிறகு உருவினாள்.

சாயங்காலம் ஜெசிந்தா வந்தாள். புருஷனுடையதை எடுத்துத் தட்டில் வைத்தாள். இன்னொன்றும் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. நிரம்பியதைச் செருகியபடியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்; அதைக் கற்றுக்கொடுத்ததே லீலாதான். ஆகவே பிடுங்கினாள். லீலா தரையில் கிடந்தாள். ஜெசிந்தாவுக்கு இடுப்பு வலி. ஞானராஜ் குனிய வேண்டாத உயரத்தில் இருந்தான்; அவன் விலாவிலேயே சொருகிவிட்டாள். பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவர்கள்தானே, கச்சிதமாகச் சேர்ந்தது.

லீலா கண் விழித்தாள். கைகள் பெரிதாக, ரோமம் அடர்ந்திருந்தன. எதிரே தரையில் தான் கிடப்பதைப் பார்த்தாள். சேலை முழங்காலுக்கு ஏறியிருந்தது. எழுந்துபோய் இழுத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, நாளைக்கு எங்க அத்தைக்குப் போடணும். நீங்க உக்காருவீயளா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"வெயில்ல இருந்து வந்த ஒடனே கொண்டாராத, தாயி. ஆறட்டும்" என்றாள் லீலா. குரல் கட்டையாக வந்தது.

ஜெசிந்தா தலையாட்டிவிட்டுத் தட்டோடு போனாள்.

மணிக்கட்டில் எல்லாக் கோடுகளும் பச்சையாக எரிந்தன. அவை ஒவ்வொன்றாக அணையும். அப்போதும் ஓர் ஆள் வேண்டியிருக்கும். லீலா தரையில் கிடந்த தன்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். இவ்வளவு கனமில்லாமல் இருந்திருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, தலையைச் சுவரில் சாய்த்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டிவிட்டாள்.

"அடுத்த வாரம் நீதான் உக்காரணும்" என்றாள்.