கதவில்லாத லிஃப்ட்

ஆராதனை முடிந்ததும் ஞானகுமாரி சபையிலிருந்து நாலு பெண்களைக் காட்டுப்பாக்கம் வீட்டுக்குக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். மகன் ரூபஸ் வேலை பார்க்கும் ஹாம்பர்க்கை டிவியில் காட்டத்தான். அங்கே நூறு வருஷத்துப் பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்றை இன்று ஒருநாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்களாம்.

மருமகள் ரெனிதா தன் போனை டிவியோடு இணைத்தாள். விசா இதோ வந்துவிடும் என்று மாமியார் சொன்னதை நம்பி, ஜூனிலேயே டீச்சர் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டாள். படுக்கையில் கிடக்கும் மாமனாரைக் கழுவித் துடைப்பது அன்றிலிருந்து அவள் வேலை. ஜெர்மனிக்கு அடுக்கிய பெட்டி மூன்று மாதமாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது.

திரையில் ரூபஸ் வந்தான். பின்னால், கப்பலின் மூக்குபோலக் கூராக நின்றது செங்கல் கட்டடம்.

"எவ்ளோ பெரிசு பாருங்க," என்று இரண்டு கையையும் விரித்தான்.

இரண்டு கையையும்.

"ஏங்க, போனை யார் புடிச்சிருக்காங்க?" என்றாள் ரெனிதா.

"ஃபிரண்டு. உள்ள லிஃப்ட் காட்டறேன், வாங்க."

கதவே இல்லாத லிஃப்ட். பெட்டி பெட்டியாக, நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருந்தது. நேரம் பார்த்துக் கால் வைக்கவேண்டும். ரூபஸ் ஏறிக் கையை நீட்டினான். போன் பிடித்திருந்தவளின் வெள்ளை விரல்கள் அதைப் பற்றிக்கொண்டன. "மெல்ல, மெல்ல" என்றான், தமிழிலேயே. கல்யாணமான புதிதில் ஆவடி ஸ்டேஷனில் ரெனிதாவை ரயிலேற்றும்போது சொன்ன அதே மெல்ல.

"ஃபிரண்டு ரொம்ப பயந்த சுபாவம் போலக் கீது," என்றாள் சபைக்காரி ஒருத்தி.

போன் திரும்பியது. பொன்னிற முடி, சிரித்த முகம்.

"வணக்கம் அக்கா. நல்லா இருக்கீங்களா?" மனப்பாடம் பண்ணிய தமிழ். "ரூபஸ் சிஸ்டர், யெஸ்?"

ரெனிதா எழுந்து நின்றாள். நான் அவன் மனைவி என்று இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். ஆனால் அதற்குள் படம் உறைந்துவிட்டிருந்தது, சிரித்தபடியே.

"சிக்னல் போச்சு. அவ காதுல விழல, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள் ஞானகுமாரி. "மாமாவுக்கு மாத்திரை நேரம், போ."

ரெனிதா குனிந்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

மாமியார் அவள் காதோரம் சொன்னாள். "சொல்லியிருந்தா நீ வேலைய விட்டிருப்பியா?"

ரெனிதா உள்ளே போய் மாத்திரை டப்பாவை எடுத்துவந்து மாமியாரின் மடியில் வைத்தாள். பிறகு போனில் ரூபஸின் பெயரை மறுபடி அழுத்தினாள். டிவியில் மணி அடிக்க ஆரம்பித்தது. கிளம்ப எழுந்த நாலு பெண்களும் திரும்ப உட்கார்ந்துகொண்டார்கள்.