கருவாட்டின் மேல் போட்ட பழி

மில் வேனிலிருந்து தங்கமாரி இறங்கும்போது, அதே தெருவில் குடியிருக்கும் வீரபாண்டியின் வண்டி அவளைத் தாண்டிப் போனது. பின்னால் அவன் பெண்டாட்டி பேச்சி, கட்டுப் போட்ட வலது காலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு நாளைக்கு முன்பு விறகு வெட்டப் போன இடத்தில் வேலிக்கருவை முள் ஏறி, கால் சீழ் கட்டிவிட்டிருந்தது. "அருப்புக்கோட்டையில காட்டிட்டு வாரோம் மதினி" என்று வண்டியிலிருந்தே கத்திச் சிரித்தாள். ஹேண்டில்பாரில் மருந்துக்கடைக் கவர் ஆடிக்கொண்டு போனது. அது மறையும்வரை தங்கமாரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வருசம் வரைக்கும் அந்தத் தெருவுக்கே மருந்துக்கடை அவள்தான். டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதிக் கொடுப்பார். மூணாம் நாள் வலி நின்றுவிடும். நின்றுபோன வலிக்கு எவன் மாத்திரை விழுங்குவான்? மிச்சமெல்லாம் தங்கமாரியின் பிஸ்கட் டப்பாவுக்கு வந்து சேரும். பேரைப் படித்துப் பார்க்கிற வழக்கம் அவளிடம் இல்லை. நிறம்தான் கணக்கு. வெள்ளை என்றால் காய்ச்சலுக்கு, சிவப்பும் மஞ்சளுமான கேப்சூல் என்றால் புண்ணுக்கும் வீக்கத்துக்கும். காசு வாங்க மாட்டாள். 'எங்க டாக்டரம்மா' என்று நாலு பேர் கேலியாகச் சொல்வது அவளுக்கு வெல்லமாக இனிக்கும்.

போன ஆடியில் பேச்சிக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தங்கமாரியின் புருசன் காளீஸ்வரன் காலில் மண்வெட்டி பட்டபோது வாங்கியதில் நாலு கேப்சூல் டப்பாவில் கிடந்தது. "வலி கூட இருக்குல்ல, ரெண்டாப் போடு" என்று தாராளமாகப் பிய்த்துக் கொடுத்தாள். பேச்சி அங்கேயே விழுங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் நாத்தனார் சுந்தராம்பாள் கொடுத்தனுப்பிய கருவாட்டுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். அரைமணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டது. ஆட்டோவில் தங்கமாரியின் மடியில்தான் அவள் தலை இருந்தது. ஒவ்வொரு மூச்சும் விசிலடிப்பதுபோல் உள்ளே போய், போன மூச்சு திரும்பி வருமா வராதா என்று இருந்தது.

"மாத்திரை ஏதும் போட்டாங்களா?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். வீரபாண்டிக்கு எதுவும் தெரியாது. "மாத்திரை ஒண்ணுமில்லங்க. கருவாட்டுக் கொழம்பு சாப்பிட்டா" என்றான். பேச்சியின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் தங்கமாரி நின்றாள். வாய் திறக்கவில்லை. ஊசி போட்டார்கள், பேச்சி பிழைத்துக்கொண்டாள். பிழைத்துவிட்டாளே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்குத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுந்தராம்பாள்தான் குழம்பில் எதையோ கலந்துவிட்டாள் என்று ஊர் பேசியது. அதற்குப் பிறகு கூடப்பிறந்த தம்பி வீட்டு வாசலை அந்தப் பொம்பளை மிதிக்கவில்லை. பேச்சியோ, "ஒங்க மாத்திரையில பல்லுவலி நின்னுருச்சு மதினி, அந்தப் பாழாப்போன கருவாடுதான் என்னயச் சாய்ச்சிருச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் தங்கமாரிக்குச் செத்துவிடலாம்போல் இருக்கும்.

டப்பாவிலிருந்ததை எல்லாம் குழி தோண்டிப் புதைத்தாயிற்று. பேச்சிக்குப் பிய்த்துக் கொடுத்த அந்த ஒரு அட்டையை மட்டும் போட முடியவில்லை. இரண்டு குழி காலி, இரண்டில் கேப்சூல். மில்லில் அத்தனை மிசின் இரைச்சலுக்கும் நடுவில் அந்த விசில் மூச்சு அவள் காதருகே கேட்கும். திரும்பிப் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள்.

தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் நேராகப் பேச்சி வீட்டுக்குப் போனாள். வீரபாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தான்.

"என்ன மாத்திரை குடுத்தாக? காட்டு."

பேச்சி அட்டையை எடுத்து நீட்டினாள். பெரிய வெள்ளை மாத்திரைகள். சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை. தங்கமாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஒனக்கு ஒத்துக்காதது ஏதும் இருக்கான்னு கேட்டாகளா?"

"கேட்டாக மதினி. கருவாடுன்னேன். டாக்டரு சிரிச்சிட்டாக. மாத்திரையச் சொல்லும்மான்னாக. அப்படி ஒண்ணும் இல்லன்னுட்டேன். சாப்பிட்டுட்டுப் போடணுமாம். இந்தா சோறு பொங்கப் போகுது."

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினாள். மூச்சு கேட்டது. நிறம்தான் வேறாயிற்றே என்று மனசுக்குச் சொன்னாள். மறுபடியும் கேட்டது, இந்த முறை மடியிலேயே தலை கனத்தது. அடுப்பை அணைத்துவிட்டு டப்பாவை இறக்கினாள். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, எட்டாம் வகுப்பில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக எழுத்துக் கூட்டினாள். ஏ, எம், ஓ, எக்ஸ். அந்த எக்ஸில் கண் நின்றது. பேச்சி நீட்டிய அட்டையிலும் அப்படி ஒரு எக்ஸ் கிடந்ததே. கிடந்ததா?

சொன்னால் வீரபாண்டி சும்மா விட மாட்டான். சுந்தராம்பாள் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எல்லாம் வரிசையாக மனசில் வந்தது. அட்டையோடு எழுந்து ஓடினாள்.

பேச்சி சாப்பிட்டுக் கை கழுவியிருந்தாள். ஈரம் காயாத வலது உள்ளங்கையில் மாத்திரை, இடது கையில் செம்பு. தங்கமாரி செம்பைப் பிடுங்கியதில் தண்ணீர் கட்டின் மேல் கொட்டியது.

"போடாத பேச்சி."

லைட்டுக்குக் கீழே இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை நகர்த்தினாள். ஏ. எம். ஓ. எக்ஸ். கடைசி எழுத்து வரைக்கும் இரண்டிலும் ஒன்றுபோலவே வந்தது.

"நெறந்தான் வேற. மருந்து ஒண்ணுதான். அன்னைக்கு ஒம் மூஞ்சி வீங்குனது இதுலதான். நாந்தான் குடுத்தேன். டாக்டருகிட்ட இதச் சொல்லி வேற மாத்திரை வாங்கு. இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தப் பேரச் சொல்லு."

பேச்சி அட்டையைப் பார்த்தாள். தங்கமாரியைப் பார்த்தாள்.

"அப்போ கருவாடு இல்லையா மதினி?"

பேச்சியின் இடது கை மெதுவாக மேலே போய் உதட்டைத் தொட்டது. பிறகு கண்ணை, பிறகு தொண்டைக்குழியை. வீக்கம் இன்னும் அங்கே இருக்கிறதா என்று தேடுவதுபோல் தடவிக்கொண்டே இருந்தாள். மற்றக் கையின் ஈரத்தில் மாத்திரை கரைந்து, ரேகைகளுக்குள் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.