புகைக்கு நரை விழுந்தபோது

கிசாகோவின் குளியல்கடைக்கு நிலக்கரி போட்டது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் கன்கிச்சி. வேறு யாராவது போட்டிருந்தால் கரி மட்டும் வந்திருக்கும். அண்ணன் போட்டதால் கரியோடு கல்லும் மண்ணும் அறிவுரையும் சேர்ந்து வந்தன.

"கிசாகோ, உன் புருஷன் கொதிக்க வைக்கிறது தண்ணியில்ல, என் தயவு. ஞாபகம் வச்சுக்க" என்பான், மூட்டையை இறக்கும்போதெல்லாம். தெருவில் நாலு பேர் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லுவான்.

நீகாத்தா கடற்கரையில், ஆறு கடலில் கலக்கிற இடத்தை ஒட்டிய மீன்காரத் தெரு அது. யார் வீட்டிலும் குளியலறை கிடையாது. பொழுது சாய்ந்தால் துண்டும் மரவாளியுமாக ஊரே கிசாகோவின் கடைக்குத்தான் வரும். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், நடுவில் மரத்தடுப்பு. இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி உயரமான மேடையில் கிசாகோ உட்கார்ந்திருப்பாள். பின்கட்டில் கொப்பரையோடு மல்லுக்கட்டுவது அவள் புருஷன் மோஹேயின் வேலை. நல்ல மனுஷன். யார் திட்டினாலும் "ஆமாமா" என்பான்.

அந்த வருஷம் பழைய கிணற்றில் துருத்தண்ணீர் வர ஆரம்பித்தது. புதுக் கிணறு இறக்கினார்கள். குழாய் ஆழத்துக்குப் போனதும் தண்ணீர் தானாகவே மேலே பொங்கி வந்தது, சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு. இதென்னடா கூத்து என்று மோஹேய் வாயில் சிகரெட்டோடு குனிந்து பார்த்தான்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். கிசாகோ அலறிக்கொண்டு ஓடினாள். மோஹேய் உட்கார்ந்த வாக்கில் விழித்துக்கொண்டிருந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. இரண்டு புருவமும் முன்மயிரும்தான் போயிருந்தன.

பயம் தெளிந்ததும் கிசாகோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னங்க, வேகவச்சு உரிச்ச முட்டை மாதிரி இருக்கீங்க!"

"சிரிக்காதடி. தண்ணி எரியுது, நீ பல்லைக் காட்டற."

"தண்ணி எரியலப்பா. தண்ணியோட வந்தது எரியுது" என்றாள் அவர்கள் மகள் நவோ. எட்டாவது படிக்கிறாள், கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் வைத்திருப்பாள். "இப்பதான் ஸ்கூல்ல அந்தப் பாடம் நடக்குது. நம்ம பக்கம் மண்ணுக்கடியில தண்ணியிலயே இயற்கை வாயு கரைஞ்சிருக்காம். அழுத்தம் குறைஞ்சதும் குமிழா பிரிஞ்சிடும். எப்பவோ கடலடியில புதைஞ்சதெல்லாம் மக்கி மக்கி வந்ததாம்."

"எதுவோ மக்கட்டும். அது கொப்பரையைச் சுட வைக்குமா?"

"வைக்கும்மா."

கிசாகோ சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

கிணற்றுக்காரனே வழி சொன்னான். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பீப்பாயைக் கவிழ்த்து வைத்தார்கள். வாயு மேலே தங்கியது, தண்ணீர் கீழே வழிந்தது. பீப்பாயிலிருந்து ஒரு குழாய் கொப்பரைக்குப் போனது. பற்ற வைத்தால் நீலமாக, சாதுவாக எரிந்தது. சாம்பல் இல்லை, தூசி இல்லை. முக்கியமாக, அறிவுரை இல்லை.

"மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமே" என்றான் மோஹேய்.

"சொல்லலாம், சொல்லலாம். என்ன அவசரம்? இத்தனை வருஷம் கல்லைக் கரின்னு வித்தாரில்ல, கொஞ்ச நாள் நாமளும் காத்தைக் கரின்னு காட்டுவோம்."

பேருக்கு அவ்வப்போது ஒரு மூட்டை வாங்கி மூலையில் போட்டாள். மீதியெல்லாம் வாயுவில் ஓடியது. ஆனால் முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம் போலிருக்கிறது, புகையில்லாத புகைபோக்கியை மறைக்க முடியவில்லை. தெருக்கோடியில் இருந்த கன்கிச்சியின் கரிக்கிடங்கிலிருந்து அது நேராகத் தெரியும். புகை நின்ற மறுநாளே ஓடி வந்துவிட்டான்.

"அடுப்பு அணைஞ்சுபோச்சா? கடை லீவா?"

"சிக்கனமா எரிக்கறோம்ணே."

"அப்படியென்ன சிக்கனம், புகையே வராம?"

அன்றைக்கே மோஹேய் நெல் உமி வாங்கி வந்தான். ஈரம் தெளித்து மூட்டம் போட்டதும் புகை வந்தது, வெள்ளை வெளேரென்று. கன்கிச்சி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"என்ன கிசாகோ, உங்க புகைக்கு நரை விழுந்துடுச்சு?"

"வயசாகுதில்லண்ணே."

"புகைக்கா?"

"அடுப்புக்கு."

நரைக்குச் சாயம் பூச வேண்டியதாயிற்று. கூரைக்காரனிடம் கொஞ்சம் கரித்தார் வாங்கி உமியில் பிசைந்து போட்டாள் கிசாகோ. நிலக்கரியைச் சுட்டு எடுக்கிற தார்தானே, பிறந்த வீட்டு நிறம் வராமல் போகுமா? வந்தது. எமனுடைய எருமை மாதிரி கறுப்புப் புகை திரண்டு எழுந்து தெருவெல்லாம் கரிப்பொடி கொட்டியது. எதிர்க்கடையில் டோஃபு என்கிற வெள்ளைச் சோயாக்கட்டி விற்கிற ஒசேன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"பாரு! பால் மாதிரி வச்ச டோஃபு, எள்ளு டோஃபு ஆயிடுச்சு!"

"எள்ளுக்கு ஏக கிராக்கி ஒசேன் அக்கா. ரெண்டு யென் ஏத்தி வித்துடுங்க."

கன்கிச்சி ஏமாறுகிற ஆள் இல்லை. ஆனால் அவன் சந்தேகம் வேறு திசையில் போயிற்று. ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு கரி வியாபாரி இருந்தான். தங்கை கட்சி மாறிவிட்டாள் என்று முடிவு கட்டி, தினமும் குளிக்க வந்து வேவு பார்த்தான். ஒரு நாள் இடுப்பில் துண்டோடு நைசாகப் பின்கட்டுப் பக்கம் நழுவினான். கதவை மறித்துக்கொண்டு மோஹேய் நின்றான். வெளியே போகும்போதெல்லாம் அவனுக்குக் கிசாகோ அடுப்புக்கரியால் புருவம் வரைந்து அனுப்புவாள். ஆவியில் நின்றால் கரி நிற்குமா?

"மாப்ள" என்றான் கன்கிச்சி, வந்த காரியத்தையே மறந்து. "உங்க புருவம் வழியுதே!"

"ஆமாமா" என்றான் மோஹேய்.

அன்று தப்பித்தார்கள். மாட்டிக்கொண்டது நவோவின் பள்ளிக்கூடத்தால். வீட்டில் எரிக்கிற எரிபொருளில் ஒரு மாதிரி கொண்டு வரச் சொல்லியிருந்தார் அறிவியல் வாத்தியார் கொபாரி. மற்றவர்கள் கரித்துண்டும், புட்டியில் மண்ணெண்ணெயும், விறகும் கொண்டு போனார்கள். நவோ, தண்ணீருக்குள் கவிழ்த்துப் பிடித்து வாயு நிரப்பிய ஒரு சாக்கே மதுப்புட்டியைக் கொண்டு போய், வகுப்பின் நடுவில் நீலச் சுடரை ஏற்றிக் காட்டினாள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

அன்று மாலை கொபாரி வாத்தியார் குளிக்க வந்தார். வெந்நீர்த் தொட்டியில் அவருக்குப் பக்கத்திலேயே கன்கிச்சி கழுத்தளவு முங்கியிருந்தான்.

"நீங்க நவோவோட மாமாதானே? பெருமையா இருக்குமே உங்களுக்கு!" என்று ஆரம்பித்தார் வாத்தியார்.

மேடையிலிருந்து கிசாகோ எட்டிக் குரல் கொடுத்தாள். "சார், சோப்பு வேணுமா சார்?"

"இருக்கும்மா. பாருங்க, நிலக்கரின்னா பழங்காலத்துக் காடு. சதுப்புல விழுந்து, புதைஞ்சு, கோடிக்கணக்கான வருஷம் அமுங்கிக் கிடந்தது..."

"சார், முதுகு தேய்க்க ஆள் அனுப்பவா?"

"வேணாம்மா. பெட்ரோலியம்னா பெரும்பாலும் கடல்ல வாழ்ந்த நுண்ணுயிருங்க. ஆனா உங்க தங்கச்சி வீட்டுல பாருங்க, கிணத்துத் தண்ணியிலயே வாயு வருது! நாம இப்ப முங்கியிருக்கிற வெந்நீரே அதுல காஞ்சதுதான். ஒரு பிடி கரி கிடையாது!"

"சார், தீ! தீ!" என்று கத்தினால் என்ன என்றுகூட நினைத்தாள் கிசாகோ. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கன்கிச்சியின் முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்து வந்தது. வெந்நீராலா வேறு எதனாலா என்று வாத்தியாருக்குத் தெரிய நியாயமில்லை. மெதுவாக எழுந்தான், உடுத்தினான், குளித்தபின் தவறாமல் குடிக்கிற குளிர்ந்த பால்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அதன் பிறகு வரவேயில்லை. திட்டியிருந்தால் கிசாகோவும் திருப்பித் திட்டியிருப்பாள், சண்டை ஒரு வழியாக முடிந்திருக்கும். இந்த மௌனம் அவளைத் தின்றது. கடைசியில் ஒரு கிண்ணம் முள்ளங்கி ஊறுகாயை எடுத்துக்கொண்டு சமாதானம் பேசப் புறப்பட்டாள். முன்வாசலில் போக வெட்கமாக இருந்தது. பின்வழியாக நுழைந்தாள்.

அண்ணி அயலை மீன் வாட்டிக்கொண்டிருந்தாள். கரி அடுப்பு மூலையில் ஜில்லென்று கிடந்தது. மீனுக்கடியில் எரிந்தது நீலச் சுடர். கன்கிச்சி பாய்ந்து வந்து அதற்கு முன்னால் நின்று தன் கால்சட்டையால் மறைக்கப் பார்த்தான்.

"அண்ணே, அது என்ன?"

"அது... அது விருந்தாளிங்களுக்கான அடுப்பு."

"கிணறு எப்ப இறக்கினீங்க?"

"யாரு சொன்னது கிணறுன்னு?"

"கால்சட்டை கருகுதுண்ணே."

துள்ளிக் குதித்தான். அண்ணி முதலில் சிரித்தாள், பிறகு கிசாகோ. கன்கிச்சி வேட்டைக்காரனைக் கண்ட முயல் மாதிரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கரி விக்கறவர் வீட்டுலயே கரி இல்லையா?" என்றாள் கிசாகோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"மிட்டாய் விக்கறவன் மூணு வேளையும் மிட்டாயா திங்கறான்? போடி." அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்கறவங்க காதுல விழுந்துடப் போகுது. மெல்ல பேசு. கூரைக்காரன் எல்லாம் சொல்லிட்டான். அந்த உமியில தார் எவ்வளவு கலக்கறே? எனக்கு ரொம்ப கறுக்குது."

ரகசியம் இரண்டு வீட்டுக்குள் இருந்தால் அது ரகசியம். மூன்றாவதாக ஒசேன் கிணறு இறக்கினாள். பிறகு மீன் உலர்த்துகிறவர்கள், வலைக்காரர்கள். சீக்கிரத்திலேயே ஒருவருக்கும் தெரியாமல் எல்லோரும் கிணறு வைத்திருந்தார்கள். தெரு முழுக்க நரைத்த புகை.

ஏதோ சரியில்லை என்று முதலில் கதவுகள்தான் சொல்லின. இழுத்தால் மூடாது, மூடினால் திறக்காது. பிறகு கீழே வைத்த சோப்பு தானாக உருண்டு பெண்கள் பக்கம் போயிற்று. கிசாகோவின் கடையில் தடுப்புக்கு மேலேதான் ஆண், பெண். அடியில் தொட்டி ஒன்றே. கட்டடம் பெண்கள் பக்கமாகச் சாயச் சாய, வெந்நீரும் அந்தப் பக்கமாகவே போய்ச் சேர்ந்தது. பெண்களுக்குக் கழுத்துவரை சுகம். ஆண்கள் முழங்காலளவில் உட்கார்ந்து நடுங்கினார்கள்.

"கிசாகோம்மா! நாங்க இங்க குளிக்கிறோமா, நாத்து நடறோமா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"நட்டுட்டுச் சொல்லுங்க, களை எடுக்க நாங்க வர்றோம்!" என்று தடுப்புக்கு அப்பாலிருந்து ஒசேன் பதில் கொடுத்தாள்.

சிரித்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து நவோ ஈரப் பீர்க்கங்கூடு ஒன்றைத் தட்டில் வைத்து, மேலே சோற்றுக் கிண்ணத்தை வைத்து அமுக்கிக் காட்டியபோது கிசாகோ சிரிக்கவில்லை. தண்ணீர் பிதுங்கி வழிந்தது. கிண்ணம் சாய்ந்தபடி கீழே இறங்கியது.

"இதுதான் நம்ம தெரு. வாயு வேணும்னு கூடவே எவ்வளவு தண்ணிய இழுக்கறோம்? இந்தக் கடலோரம் பூரா, ஆலை, வீடு, எல்லாரும் இழுக்கறாங்க. அடியில இருக்கற களிமண் அமுங்குதாம்."

"நம்ம ஒரு கிணத்தாலயா?" என்றான் மோஹேய்.

"எல்லாரும் அதையேதான் கேக்கறாங்களாம்ப்பா."

"நிறுத்திட்டா மறுபடி எழும்பாதா?"

"எழும்பாதாம். இறங்கறதுதான் நிக்குமாம்."

இலையுதிர்காலப் புயல் ஒன்றில் கடல் மட்டம் ஏறியது. எப்போதும் கரையோடு நிற்கிற தண்ணீர் அந்த முறை தெருக்கோடிக்கு வந்துவிட்டது. கிசாகோ ஓடிப்போய்ப் பார்த்தபோது கன்கிச்சி தன் கிடங்கில் தொடையளவு உப்புத்தண்ணீரில் நின்று, கூடை கூடையாகக் கரியை மேட்டுக்கு அள்ளிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் அள்ளுவதை நிறுத்தவில்லை. தயவைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கிமோனோவை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு இறங்கி, இன்னொரு கூடையை எடுத்தாள். பொழுது அடங்கும்வரை இருவரும் அள்ளினார்கள்.

மறுநாள் குளியல்கடையில் ஒரே கூச்சல். கிணறுகளை மூட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அடுத்தவர் முதலில் மூட வேண்டும் என்பதிலும் எல்லோருக்கும் சம்மதம். கிசாகோ மேடையிலிருந்து இறங்கினாள். குளிக்க வந்தவர்களைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய், குழாயின் திருகை இறுக்க மூடினாள். நீலச் சுடர் ஒரு தரம் நாக்கை நீட்டி அணைந்தது.

"இனிமே கரிதான்" என்றாள் திரும்பி வந்து. "கொஞ்சம் புகையும். பொறுத்துக்குங்க. யாரு மூடலையோ, அவங்க குளிக்க வரும்போது நான் பச்சத்தண்ணிதான் விடுவேன்."

கிசாகோவின் வாயைப் பற்றித் தெரு அறியும். மாதக் கடைசிக்குள் ஒவ்வொன்றாக மூடினார்கள். ஒசேன் கடைசியாக மூடினாள், அதுவும் ஒரு நாள் பச்சைத்தண்ணீரில் குளித்த பிறகு.

கன்கிச்சி முதல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். கல் இல்லாத கரி. கடையைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "இது இப்படியே இருந்தா ஒரு நாள் பொம்பளைங்க மேல ஆம்பளைங்க உருண்டு விழுவாங்க. அசிங்கம்" என்றான். மறுநாள் கிடங்கு ஆட்களோடும், பாரம் தூக்கும் திருகுகளோடும் வந்து சேர்ந்தான்.

அவனும் மோஹேயும் கட்டடத்துக்கு அடியில் தவழ்ந்து போய்த் திருகைச் சுற்றினார்கள். உள்ளே தொட்டியின் விளிம்பில் கிசாகோ உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பக்கத்தில் ஒசேனும் நவோவும்.

"போதுமா?" என்று தரைக்கடியிலிருந்து கன்கிச்சி கத்தினான்.

"இன்னும் கொஞ்சம்ணே!"

"இப்ப?"

தண்ணீர் மெல்ல மெல்ல ஆண்கள் பக்கம் நகர்ந்தது. சமமாவதற்கு இரண்டு விரற்கடை பாக்கி, பெண்கள் பக்கம் இன்னும் அந்த அளவுக்கு ஆழம் கூடுதலாக இருந்தது. கிசாகோ ஒசேனைப் பார்த்தாள். ஒசேன் நவோவைப் பார்த்தாள். நவோ, அறிவியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள், கூரையைப் பார்த்தாள்.

"போதும்ணே!" என்று கத்தினாள் கிசாகோ. "கச்சிதமா இருக்கு! அப்படியே ஆப்பு வச்சுடுங்க!"