பாதிச் சிறுநீரகம்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. பனி பெய்தது மார்ச்சிலா, ஏப்ரலிலா? மினசோட்டாவில் அதற்கெல்லாம் வரைமுறை கிடையாது.

அந்தச் சின்னக் கல்லூரியில் மருத்துவத்துக்குப் போகிறவர்களும் ஓவியமோ தத்துவமோ சேர்த்துப் படிக்க வேண்டும். பரீட்சைக்குக் கண்காணிப்பாளர் இல்லை. உறையைப் பிரித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் மாணவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

உடலியல் பரீட்சைக்கு இரண்டு மணி நேரம். என்கூடப் படித்த தோரா காலை ஒன்பது மணிக்கு நூலகத்து மூலையில் உறையைப் பிரித்தாள். மருத்துவப் படிப்புக்குக் கல்லூரி தரும் பரிந்துரைக் கடிதம் இந்த மதிப்பெண்ணை நம்பித்தான் இருந்தது.

மூன்றாவது கேள்வி, சிறுநீரகத்தின் வெட்டுத்தோற்றம். முந்தின நாள்தான் ஓவிய வகுப்பில் இலையற்ற மரங்களை வரைந்திருந்தாள். ரத்தக்குழாய் கிளைவிட்டது, கிளைக்குள் கிளை. நிழல் கொடுத்தாள். ஜன்னலில் பனி மேல்நோக்கி விழுவதுபோல் இருந்தது. எங்கோ தேவாலய மணி அடித்தது. மிச்சக் கேள்விகளையும் அதே மயக்கத்தில் எழுதி நிமிர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது.

அறைத்தோழி ரெனாட்டா வாசலில் காத்திருந்தாள்.

"லூசு, பதினொண்ணுன்னு போட்டுட்டு வாடி! யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்ல."

"பெரிய நீதிபதி! கடிதம் வரலேன்னா மரம் வரைஞ்சிக்கிட்டே உக்காந்திரு."

"மரமில்லடி, கிட்னி."

"உனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது. அதான் பிரச்சனையே!"

தோரா தாளோடு நடந்தாள். விடைத்தாள் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள். பதினொன்றுக்குத் தேவாலய மணி அடித்தபோது பென்சில் எந்தக் கிளையில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில், சிறுநீரகத்தின் குறுக்கே, ஒரு கோடு போட்டாள். 'என் நேரம் இதுவரை' என்று எழுதினாள். முடித்த நேரம், 11.40.

இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் ஹல்பர்ட் தாளை நீட்டினார்.

"கோட்டுக்கு இந்தப் பக்கத்துக்குத்தாம்மா மார்க் போட முடியும்."

"தெரியும் சார்."

"அந்தப் பக்கம்தான் ரொம்ப நல்லா இருக்கு." சங்கடத்தோடு மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த வருடம் கடிதம் கிடைக்கவில்லை. தோரா இரண்டு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். பிறகு வேறு மாநிலத்தில் மருத்துவம் படித்து, இப்போது ஃபார்கோவில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். ரெனாட்டா சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு பேக்கரி நடத்துகிறாள். ஹல்பர்ட் ஓய்வுபெற்ற மறு வருடம் இறந்துபோனார்.