கிழித்து அனுப்பிய பக்கம்

“நமக்கு எத்தனை பிள்ளைங்கன்னு போடட்டும்?” என்று க்ளென் கேட்டான், குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்த முதல் நாள்.

“ரெண்டு. இதைக்கூட எண்ணத் தெரியாமலா முப்பது வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தே?” என்றாள் அவன் மனைவி நோரீன்.

ஒரே நாள் உயிரோடிருந்த மூத்த மகள் அடெலைப் பற்றி இருவருமே பேசவில்லை. அந்தப் பேச்சு நடந்து ஆறு வருஷம் ஆயிற்று.

இன்று வாஷிங்டனிலிருந்து பழைய கோப்பு ஒன்றின் நகல் வந்தது. க்ளெனின் எள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டபின், அவர் மனைவி கெசையா பென்ஷன் கேட்டு எழுதியவை அதில் இருந்தன. பிள்ளைகளுக்கு வேறு அத்தாட்சி இல்லாததால், குடும்ப பைபிளில் பிறப்புகளைக் குறித்துவைத்த பக்கத்தையே கிழித்து அனுப்பியிருந்தாள்.

“நாலாவதா ஒருத்தி இருந்திருக்கா பாரு, ஹல்டான்னு. காலைல பொறந்து சாயங்காலமே போயிட்டா. எனக்குத் தெரியவே தெரியாது. இரு, சேத்துடறேன்.”

அவன் அந்தப் பெயரை எழுதுவதை நோரீன் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. வருமென்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆறு வருஷமாகக் கேட்க நினைத்தது, உப்பை எடு என்பதுபோலச் சாதாரணமாக வாயில் வந்தது.

“க்ளென், நம்ம அடெலையும் எழுதேன்.”