வியாழக்கிழமை ஆள்

வியாழக்கிழமை மாலையானால் என் கணவன் இன்னொரு ஆணோடு வாழத் தொடங்கிவிடுவான். கல்யாணமான பதினோரு வருஷமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தாட்டத்தில் எதிர்க்குழுவின் கோல் போடும் ஆளாக ஒன்பதாம் எண் சட்டை போடப்போகிறவன் யாரோ, அவன் வியாழனன்றே எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவான். பத்திரிகையிலிருந்து கிழித்த படம் உப்பு ஜாடியில் சாய்ந்து நிற்கும். என் கணவன் ஒரேஸ்தே சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்ப்பான். எந்தக் காலில் பழைய காயம், எந்தப் பக்கம் திரும்பும்போது தடுமாறுவான், மனைவியோடு ஒத்துப்போகிறானா, எதைச் சொன்னால் கோபம் வரும், எல்லாம் விசாரித்து வைத்திருப்பான். ஞாயிறன்று தொண்ணூறு நிமிடமும் அந்த முதுகைவிட்டு ஓரடி விலகமாட்டான். திங்கட்கிழமை அவனை மறந்துவிடுவான்.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இருந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் என்னை யாரும் கவனிக்கவில்லை என்பது ஒருவகையில் வசதியாகவும் இருந்தது.

எண்பத்தெட்டாம் வருஷக் கோடையில் மிஸ்டர் ஃபெரெத்தி வந்தார். கோச்சை எங்கள் பக்கம் எல்லாரும் மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் அறுபது வயதுக்காரராக இருந்தாலும் சரி, இவரைப் போல ஒரேஸ்தேயைவிட ஒரு வயது சின்னவராக இருந்தாலும் சரி. முதல் நாளே அவர் சொல்லிவிட்டார். இனி யாருக்கும் தனி ஆள் கிடையாது. தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் ஒரே வரிசையில் நிற்கவேண்டும். ஒன்றாக ஏறவேண்டும், ஒன்றாக இறங்கவேண்டும். எதிராளி தாண்டி ஓடினால் ஓடட்டும். பந்து கிளம்பும்முன் நால்வரும் ஏறிவிட்டால் அவன் ஆஃப்சைடில் நிற்பான், அவன் போடும் கோல் செல்லாது; மிச்சத்தை லைன்ஸ்மேனின் கொடி பார்த்துக்கொள்ளும்.

பெரிய நகரத்துக் குழு ஒன்று அப்படி ஆடிப் பட்டம் வென்றிருந்தது. அதனால் அந்த வருஷம் நாலாம் பிரிவில் கிடக்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் அந்த ஆசை வந்தது.

"அக்டோபர்ல ஆள் மாத்திக்கலாம்," என்றாராம் மிஸ்டர். "அதுக்குள்ள இந்த ஆட்டத்துக்கு யார் பொருந்துறாங்க, யார் பொருந்தலைன்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

ஒரேஸ்தேக்கு முப்பத்து மூன்று. இங்கிருந்து அனுப்பினால் வேறெந்தக் குழுவும் கூப்பிடாது. ஃபோர்லியில் அவன் அக்காள் கணவரின் டயர் கடையில் ஒரு நீல மேலங்கி அவனுக்காக ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் வியாழனன்று மேசையில் படம் இல்லை. அவன் பால்கனியில் நின்று என் துணிக்கொடியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"மிஸ்டர் கயிறு கேட்டார்."

"அதுக்கு என் கொடிதான் கிடைச்சுதா?"

"எதிர்ச்சுவர் வரைக்கும் போய்த் திரும்புதில்ல, நீளம் கச்சிதமா இருக்கும்." கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டான். "நாலு நாளைக்கு நாற்காலில காயப்போடு."

மறுநாள் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்போது மைதானத்து வேலியோரம் நின்றேன். என் கயிறு நான்கு ஆண்களின் இடுப்பில் இருந்தது. எட்டெட்டு மீட்டர் இடைவெளிவிட்டு முடிச்சுப் போட்டிருந்தார் மிஸ்டர். ஒருவன் முன்னால் போனால் மற்ற மூவரையும் கயிறு இழுத்தது. ஒருவன் பின்தங்கினால் நால்வரும் தள்ளாடினார்கள். மைதானத்துக்குப் பக்கத்தில் பார் வைத்திருக்கும் இதாலா, துடைத்துக்கொண்டிருந்த கோப்பையோடு வெளியே வந்து நின்றாள்.

"டேய் ஒரேஸ்தே! காய்ஞ்சிடுச்சாடா? எடுத்து மடிச்சு வைக்கட்டுமா?"

"உன் வாயைக் கட்டறதுக்கும் கொஞ்சம் கயிறு மிச்சமிருக்கு இதாலா!"

கயிறு இருக்கும்வரை அவன் நன்றாகத்தான் ஆடினான். நான் அதைக் கவனித்தேன். இடுப்பில் இழுவை வந்ததும் உடம்பு தானாக இடம் மாறியது. அப்படியானால் அவனால் முடியும் என்று நினைத்தேன். கயிறு இல்லாதபோது அந்த இழுவை எங்கிருந்து வரும் என்று யோசிக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் கோப்பைப் போட்டி. எதிர்க்குழுவின் ஒன்பதாம் எண் பெல்லாந்தி, ஒரேஸ்தே முன்பு ஆறேழு முறை முதுகோடு ஒட்டிக்கொண்ட ஆள். அரைமணி நேரம் எல்லாம் சரியாகப் போனது. நால்வரும் கொடியில் காயும் நான்கு சட்டைகள்போல வரிசை கலையாமல் நின்றார்கள். அப்போது பெல்லாந்தியின் சட்டை கிழிந்தது. வேறு சட்டை வாங்குவதற்காக அவன் ஓரத்துக்கு நடந்தான். ஒரேஸ்தேயும் கூடவே நடந்தான்.

ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பெல்லாந்தி கோட்டருகே நின்று தலைவழியாகச் சட்டையைக் கழற்ற, என் கணவன் அவனுக்குத் துண்டு பிடிக்க வந்தவன்போல ஒரு கை தூரத்தில் காத்துக்கொண்டு நின்றான். நடுவில் அவன் விட்டுவந்த இடம் திறந்து கிடந்தது. அதன் வழியே வேறொருவன் வந்து கோல் போட்டுவிட்டுப் போனான். பெல்லாந்தி புதுச் சட்டைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "நன்றி நண்பா" என்று அவன் தோளைத் தட்டினான்.

மாலை பாரில் இதாலா சும்மா இருப்பாளா?

"நல்லவேளை, அவனுக்கு மூத்திரம் வரல. இவன் கதவைத் தட்டிக்கிட்டு நின்னிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒரேஸ்தேயும் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் வெகுநேரம் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் போகணும்னு நினைக்கவே இல்லை லோரெத்தா. கால் போயிடுச்சு," என்றான்.

செவ்வாய்க்கிழமை மிஸ்டரை வேலியோரம் பிடித்தேன். கொடியைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன், வாயில் வந்தது வேறு.

"மிஸ்டர், அவனை அனுப்பிடுவீங்களா?"

அவர் மழுப்பவில்லை. "தெரியல சிஞோரா. கெட்டிக்காரர்தான். ஆனா அவருக்கு ஒரு ஆள் வேணும். ஆள் இல்லாத இடத்தை அவரால பார்க்க முடியல."

"இடத்தைப் பார்க்கிறதுன்னா எதைப் பார்க்கிறது?"

இதுவரை யாரும் தன்னிடம் அதைக் கேட்கவில்லை என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். "முதல்ல பந்து. அப்புறம் பக்கத்துல நிக்கிற நம்ம ஆளு. எதிராளி மூணாவதுதான்."

"என் கொடி?"

"இன்னும் வேணும் சிஞோரா. எப்பத் திருப்பித் தர்றேனோ, அப்ப நாலு பேர் கிடைச்சிட்டாங்கன்னு வெச்சுக்கோங்க."

தொழிற்சாலையில் என் வேலை பெல்ட்டில் வரும் டைல்ஸில் கீறலும் குமிழும் தேடுவது. சேர்ந்த புதிதில் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒன்றைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு கடந்துவிடும். பிறகு எப்போதோ எதையும் குறிப்பாகப் பார்க்காமல் முழு பெல்ட்டையும் பார்க்கப் பழகிவிட்டேன். கீறல் தானாகவே கண்ணில் குத்தும். அந்த மாற்றம் எந்த நாளில், எப்படி நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரேஸ்தேக்குச் சொல்லியிருப்பேன். ஒருவேளை அவன் கண் வேறு மாதிரி செய்யப்பட்டதோ? அவனுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டால்தான் உலகம் தெரியுமோ? இரவெல்லாம் கேள்வி சுற்றியது.

மறுநாள் சூப் ஊற்றும்போது சும்மா கேட்டேன்.

"வால்தெருக்கு எந்தக் கால்ல காயம்?"

வால்தெர் வரிசையில் அவனுக்கு இடப்பக்கம் நிற்பவன். ஆறு வருஷமாக ஒரே குழு.

"அது எதுக்கு உனக்கு?"

"பெல்லாந்தியோட மாமியாருக்குச் சர்க்கரைன்னு உனக்குத் தெரியுதே, அதான் கேட்டேன்."

கரண்டியை வைத்துவிட்டு யோசித்தான். "தெரியலையே. அவன் திமிர் பிடிச்சவன். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான்."

"ஏன் திரும்ப மாட்டான்?"

"ஏன்னா? திமிர்தான்."

வியாழனன்று நான் வேலை முடிந்து வந்தபோது உப்பு ஜாடியில் ஒரு படம் சாய்ந்திருந்தது. பாரில் மாட்டியிருந்த குழுப் படத்திலிருந்து வால்தெரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வந்திருந்தான். இதாலா அவனைக் கொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இவன் நம்ம ஆளாச்சே," என்றேன்.

"பக்கத்துல நிக்கிறவனைப் பாருங்கிறார் மிஸ்டர். சரி, இந்த வாரம் இவன்தான் என் ஆள்."

அதன்பின் வால்தெர் போன இடமெல்லாம் ஒரேஸ்தே போனான். சனிக்கிழமைச் சந்தையில் அவன் திராட்சை வாங்கினால் இவனும் வாங்கினான். அவன் முடிவெட்டப் போனால் இவனும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இதாலா என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"வால்தெர் கல்யாணம் ஆனவன்னு உன் புருஷன்கிட்ட சொல்லி வைம்மா."

நாலாம் வாரம், முடிவெட்டிக்கொண்டு வந்த அன்று, அவனால் உட்கார முடியவில்லை. சமையலறையில் மேசைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தான்.

"லோரெத்தா, அவனுக்கு வலது காது கேக்காது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. சலூன்காரர் வலது பக்கம் நின்னு ரெண்டு தரம் கேட்டார், 'காதுகிட்ட குறைக்கட்டுமா'ன்னு. கண்ணாடில அவர் வாயைப் பார்த்த அப்புறம்தான் பதில் சொன்னான். வெளியே வந்ததும் கேட்டேன். முகம் வெளுத்துப்போச்சு. ஏழு வயசுல காய்ச்சல் வந்து போனதாம். யாருக்கும் தெரியாது." நின்றான். "ஆறு வருஷமா அவனுக்கு வலது பக்கம் நின்னு கத்திக்கிட்டிருக்கேன். திமிர்னு நினைச்சேன்."

முன்பு அவனவன் ஆளோடு அவனவன் இருந்தான், யாரும் யாரையும் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. இப்போது ஒருவன் 'ஏறு' என்று கத்தினால் நால்வரும் ஒரே நொடியில் ஏறவேண்டும். காது கேட்காதவன் அரைநொடி பிந்துவான். அந்த அரைநொடி போதும். இந்த ஆட்டத்துக்குப் பொருந்தாதவன் யார் என்று மிஸ்டர் தேடிக்கொண்டிருந்தார். அதற்கான பதில் எங்கள் சமையலறையில் நின்றது.

"நான் போய்ச் சொன்னா, போறது அவன்," என்றான் ஒரேஸ்தே மெல்ல. "என் பேர் அடிபடாது."

எனக்கு அவனைப் பார்க்கவேண்டியிருந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ ஆண்களின் பலவீனத்தைக் கண்டுபிடித்து, ஞாயிறன்று சரியாக அந்த இடத்தில் முழங்காலை வைத்தவன் இவன். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். இந்தப் பலவீனத்தை என்ன செய்வான்? உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தும் ஊகிக்க முடியவில்லை என்பதுதான் என்னைத் திகைக்கவைத்தது.

செவ்வாயன்று அவன் மிஸ்டரிடம் போனான். அந்தப் பேச்சை வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டினான்.

"மிஸ்டர், நானும் வால்தெரும் இடம் மாத்திக்கிறோம். நான் இடப்பக்கம் நிக்கிறேன்."

"உனக்கு வலது கால்தானே?"

"ஆமா."

"அவனுக்கு இடது கால்."

"ஆமா."

"ரெண்டு பேரும் தப்பான பக்கம் நிப்பீங்களா? ஏன்?"

"அங்கேருந்து பேசினா ஒத்துவருது மிஸ்டர்."

ஃபெரெத்தி வால்தெரைப் பார்த்தாராம். வால்தெர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தானாம், கட்டியதையே அவிழ்த்து மறுபடியும் கட்டினானாம். "சரி, ஒரு ஆட்டம் பார்ப்போம்," என்றாராம் அவர். அவருக்குப் புரிந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஓர் ஆட்டத்துக்கு வந்தது மறுபடியும் பெல்லாந்தியின் குழுதான், இம்முறை லீக் போட்டியில். அக்டோபர் ஞாயிறு, லேசான மழை. இரண்டு நாள் கழித்து ஆள் மாற்றும் கெடு முடிகிறது. ஆட்டம் பார்ப்பவர்கள் உட்காரும் மேட்டில் புதிதாக ஒரு வாலிபன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அவன் எங்கள் குழுவுக்கு வரப்போகும் தடுப்பாட்டக்காரன் என்று இதாலா என் காதில் சொன்னாள். நல்ல தோள்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதல் பாதியில் தப்பான காலால் உதைத்த இரண்டு பந்துகள் கூட்டத்துக்குள் போய் விழுந்தன. இரண்டாம் பாதியில் ஒரு நேரம் பெல்லாந்தி வேண்டுமென்றே ஓரத்துக்கு நடந்தான், குனிந்து காலுறையை இழுத்துவிட்டான். ஒரேஸ்தேயைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். பாதிக் கூட்டத்துக்கு அது என்னவென்று தெரியும். சீட்டி அடித்தார்கள்.

ஒரேஸ்தே இரண்டு அடி எடுத்து வைத்தான். மூன்றாவது அடிக்குக் கால் தூக்கியவன், தலையை வலப்பக்கம் திருப்பினான். எட்டு மீட்டர் தள்ளி இருக்கவேண்டிய வால்தெர் பத்து மீட்டர் தள்ளி இருந்தான். ஒரேஸ்தேயின் ஆள் அவனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தான்! ஒரேஸ்தே திரும்பி ஓடினான். நடுவில் யாரோ பந்தைத் தூக்கி அனுப்பக் காலை ஓங்கினான். காலுறையை விட்டுவிட்டு பெல்லாந்தி பாய்ந்தான், ஒரேஸ்தேயின் பக்கத்தில் உரசியபடி. என் கணவனின் கை அந்தச் சட்டையைப் பிடிக்கத் தானாக நீண்டது. விரல்கள் காற்றில் மூடின.

"ஏறு!"

ஒரேஸ்தேயின் குரல் மேடுவரை கேட்டது. வால்தெரின் இடது காதுக்கும் கேட்டது. நால்வரும் ஒரே அடியாக முன்னால் வந்து கைகளைத் தூக்கினார்கள். பெல்லாந்தி தனியாக ஓடிப்போய்ப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டுத் திரும்பினான். லைன்ஸ்மேனின் கொடி மேலே இருந்தது.

ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. நான் மேட்டைவிட்டு இறங்கும்போது, மழையில் நனைந்த மிஸ்டர் வேலியின் மேலாக ஒரு கயிற்றுச் சுருளை நீட்டினார். என் கொடி. மண்ணும் புல்லுமாக இருந்தது.

"நாலு பேர் கிடைச்சிட்டாங்க சிஞோரா," என்றார். புது வாலிபன் அப்பாவின் குடைக்குள் ஏற்கெனவே வெளிவாசலை அடைந்திருந்தான்.

கொடி இழுபட்டு நீண்டுபோயிருந்தது. கட்டினால் நடுவில் தொய்ந்து, ஈரத் துணி கீழ்வீட்டு ஜன்னலில் உரசியது. வெட்டிச் சுருக்கினேன்.

அடுத்த வியாழன் உப்பு ஜாடியில் எந்தப் படமும் இல்லை. வால்தெரை முழுக்கத் தெரிந்துகொண்டாயிற்று போலிருக்கிறது. தட்டிலிருந்து நிமிர்ந்தபோது ஒரேஸ்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். படங்களைப் பார்ப்பானே, அதே பார்வை.

"சாயங்காலமானா நீ இடது கண்ணை மட்டும் தேய்க்கிற," என்றான். "எத்தனை நாளா?"

நான் அதைக் கவனித்ததே இல்லை. காவல் இல்லாமல் இத்தனை வருஷம் திரிந்தவளுக்குச் சட்டென்று முதுகில் மூச்சுப் பட்டதுபோல இருந்தது. பிடித்திருந்ததா?

துணி எடுக்கிற சாக்கில் எழுந்து பால்கனிக்குப் போனேன். பின்னாலேயே வருகிறானா என்று பார்க்கத்தான். நாற்காலி நகர்ந்தது. இரண்டு அடி கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

கதவருகே நின்றுகொண்டு அவன் கேட்டான், "வரட்டுமா?"